நீலம் பூசிய சிங்க்

படகு வைத்திருப்பவர்கள் எஞ்சினைக் கொஞ்சுவார்கள், சிங்க்கை மறந்துவிடுவார்கள். உப்புத் தண்ணீரில் கிடக்கும் படகில், ப்ரொபெல்லருக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவு துத்தநாகக் கட்டி ஒன்றை முடுக்கி வைப்போம். அதுதான் சிங்க். கடல் முதலில் அதைத் தின்னும், கியர் பெட்டி பிழைக்கும். கரையக் கரைய மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அதுதான் என் தொழில், சார். என் தம்பி ரவீந்திராவின் படகுக்கும் நானே மாற்றினேன்.

எங்கள் குடும்பத்தைப் பற்றியும் எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் தீவு நாட்டில் ராணுவம் துப்பாக்கியை எடுத்தால் எங்கள் வீட்டில் பெட்டியை எடுப்பார்கள். எண்பத்தேழுக் கலகத்தில் அக்கா சுஷீலா வான்கூவருக்குப் போனாள். வருஷத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும், அதில் பனி பெய்யும். அம்மாவின் கருமாதிக்கு அவள் குரல் மட்டும் தொலைபேசியில் வந்தது. இரண்டாயிரத்தில் மறுபடி கலகம். இந்த முறை ரவீந்திரா பிரிஸ்பேனுக்கு எழுதிப் போட்டான். வெல்டர் என்று அவன் பெயரில் விண்ணப்பம், கூடவே மனைவி சஞ்சனா, மகள் வினீதா. அண்ணன் என்ன செய்வான் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு வலித்தது.

படகை விற்றுவிட்டுத்தான் கிளம்புவேன் என்றான். படகு கெட்டால் யார் வாங்குவார்கள்?

சிங்க்கின் மேல் பெயின்ட் படக்கூடாது. பட்டால் கடல் அதை விட்டுவிட்டுக் கியர் பெட்டியைத் தின்னும். புதிதாகப் படகு வாங்குகிறவர்கள் அழகுக்காகப் பூசிவிட்டு என்னிடம் திட்டு வாங்குவார்கள். நான் தெரிந்தே ரவீந்திராவின் சிங்க்குக்கு இரண்டு கோட் நீலம் அடித்தேன்.

"அண்ணே, எக்தம் புத்தம் புதுசாக் கீதே" என்று ரவீந்திரா என் முதுகில் தட்டினான்.

ஒன்பது மாதத்தில் விசா வந்தது, படகை வாங்கவும் ஆள் கிடைத்தது. வழியனுப்பு விருந்துக்குத் தானே மீன் பிடித்து வருவேன் என்று அடம் பிடித்தான். வெள்ளிக்கிழமை மதியம் கியர் எண்ணெயைத் திறந்து பார்த்தேன். பால் விட்ட தேநீர் நிறத்தில் இருந்தது. உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

"நாளைக்கு ரீப் தாண்டலாமா அண்ணே?"

"தாராளமாப் போடா. கியர் தங்கம் மாதிரி கீது."

ரீப் என்கிற பவளப்பாறைக்கு நடுவே போகும் வழியில் கியர் இறுகிப்போயிற்று, அலை படகைப் பாறையில் அடித்து உடைத்தது. ரவீந்திரா மூன்றாம் நாள் பிணமாகக் கரை ஒதுங்கினான். படகின் பின்பாதியும் கிடைத்தது. கியர் பெட்டி சல்லடையாக இருக்க, சிங்க் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் இருந்ததைப் பார்த்துத்தான் உங்களுக்குச் சந்தேகம் வந்ததாம். நல்ல கண் உங்களுக்கு. சடங்குகளை நானே முன்நின்று நடத்தினேன். ஒரு குறை வைக்கவில்லை.

ஆமாம், தெரிந்துதான் அனுப்பினேன். கொலை என்றே எழுதுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள். விசா ரவீந்திரா பெயரில் இருந்ததால் சஞ்சனாவும் வினீதாவும் போக முடியாமல் ஆகிவிட்டது. என் மனைவி கமலா அவர்களுக்கு முன்னறையை ஒழித்துக் கொடுத்தாள். நேற்றுவரை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். இந்தக் கலகத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஒருவர்கூட நாட்டை விட்டுப் போகவில்லை, சார். எங்கள் ஊர் வரதோலியில் இப்படிச் சொல்லிக்கொள்ள இன்னொரு வீடு இருந்தால் காட்டுங்கள்.