பிரஷ் அக்காவிடம் நான் சொன்ன பொய்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! பட்டறை முதலாளி அவர்களே! முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் அக்காவின் கணவர், என் அன்பு அண்ணன் அவர்களே! வேலை உடுப்போடே ஓடி வந்திருக்கும் கடைசல்காரத் தோழர்களே! அனைவருக்கும் வணக்கம்.

எதைச் சொல்லித் தொடங்குவேன்? பதினெட்டு ஆண்டுகள் அக்காவுக்குப் பக்கத்து லேத்தில் நின்றவன் என்பதால் இந்த இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்லிவிட்டார்கள்.

நம் பட்டறையில் மரம் கடையும் ஆறு லேத்துகள். மரத்தைக் கவ்விப் பிடிக்க ஆறு சக்குகள். ஒவ்வொரு சக்குக்கும் நான்கு தாடைகள். அந்தத் தாடைகளின் இடுக்கில் புகுந்த மரத்தூளை எடுத்தது யார்? நானா? நீங்களா? நம் பிரஷ் அக்கா எடுத்தார் தோழர்களே, அக்கா ஒருவரே எடுத்தார்! சனிக்கிழமைதோறும் நாம் கைகழுவப் போனதும் அவர் சக்குகளைக் கழற்றினார். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, துளி மெழுகு தடவிப் பூட்டினார். "வீட்ல பல்லு விளக்க ஒரு பிரஷ் மிச்சம் வைக்க மாட்டேங்கிறா" என்று அண்ணன் அலுத்துக்கொண்டது தெருவுக்கே தெரியும். சங்கம் 'சக்கு டாக்டர்' என்று பட்டம் கொடுத்தபோது, "அப்ப நோயாளிங்கல்லாம் ஒழுங்கா படுத்திருங்க" என்று நம்மைப் பார்த்துத்தான் சொன்னார்.

அந்த வேலையை அவர் தலையில் யாரும் கட்டவில்லை. ஒருநாள் தூள் அடைத்த சக்கு சரியாகக் கவ்வாமல், சுழன்றுகொண்டிருந்த மேசைக்கால் பிய்த்துக்கொண்டு என் காதோரம் பறந்தது. நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அந்தச் சனிக்கிழமைதான் முதல் சக்கைக் கழற்றினார்.

கிரீஸ் மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. "மரத்தூளும் கிரீஸும் சேர்ந்தா பசையாயிடும்டா, தொட்டுடாதே!" எத்தனை முறை சொல்லியிருப்பார்! அவர் மருத்துவமனையில் படுத்ததும் நான் என்ன செய்தேன்? அவர் கவலைப்படக் கூடாதே என்று ஆறு சக்குகளுக்கும் கை நிறையக் கிரீஸ் அப்பினேன். ஒரே வாரத்தில் அத்தனையும் இறுகிப்போயின.

பார்க்கப் போனேன். "சக்கெல்லாம் எப்படிடா இருக்கு?" என்று கேட்டார்.

"வெண்ணெய் மாதிரி ஓடுதுக்கா" என்றேன்.

என் கையைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். நம்பிவிட்டார் என்று நினைத்து வீட்டுக்கு வந்தேன். மறுநாள் விடியுமுன் அவர் இல்லை.

அடக்கம் முடிந்தபின் அண்ணன் என்னிடம் ஒரு துணிமுடிச்சைக் கொடுத்தார். உள்ளே ஒரு பல் பிரஷ், ஒரு மெழுகுத் துண்டு. "நீ போனதும் சொன்னா: 'பாவம், நகமெல்லாம் கிரீஸு. அவனைத் திட்டாதீங்க, இதைக் குடுங்க'ன்னு."

திட்டியிருக்கலாமே அக்கா! இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

ஐந்து சக்குகளைக் கழுவிவிட்டேன். தாடைகளில் பொறித்த எண்ணைப் பார்த்து ஒன்று, இரண்டு என்று வரிசையாகப் போட்டால் நடுவில் வந்து சேர்கின்றன. என் லேத்தின் சக்கில் எண்கள் தேய்ந்துவிட்டன. அக்கா விரலால் தடவியே வரிசை கண்டுபிடிப்பார். இன்று காலை அந்த நான்கு தாடைகளையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஏதாவது ஒன்று ஒதுங்கியே நிற்கிறது. "எது முதல்ல போகணும்க்கா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். பட்டறையில் எல்லோரும் லேத்தை நிறுத்திவிட்டார்கள்.

உறுதிமொழியோடு முடிக்கச் சொல்கிறார் தலைவர். என்னிடம் இருப்பது இவ்வளவுதான். இனி சனிக்கிழமைதோறும் அந்த ஆறு சக்குகளும் என் பொறுப்பு. கிரீஸ் டப்பாவைத் தொடமாட்டேன். நாளைக்கும் அந்த நாலு தாடையையும் போட்டுப் பார்ப்பேன். சேரலேன்னா, சேரலேன்னே சொல்லிடறேன்க்கா.