சந்திரன்ரை இடம்

இல்லை, எழும்பாதையும். அந்த பஸ் போகட்டும், பின்னாலை இன்னொண்டு வரும். வரதன் இப்ப வீட்டிலை இல்லை. ஹோட்டல் குசினியிலை மத்தியானச் சட்டியெல்லாம் கழுவி அடுக்கிப்போட்டு மூண்டு மணி தாண்டித்தான் வருவான். அதுக்கிடையிலை நான் உம்மோடை கதைக்கவேணும். அதுக்குத்தான் துன் ஸ்ரேசனிலையே நில்லும், நான் வாறன் எண்டு போனிலை சொன்னனான். எனக்கு இண்டைக்கு லீவு. கோப்பியைக் குடியும். கசக்குதோ? சீனி போடும். இஞ்சத்தைக் கோப்பி அப்பிடித்தான்.

என்னைச் சண்முகலிங்கம் எண்டுறது. வரதராசாவும் நானும் ஒரே அறை, அவன் வந்து இறங்கின நாளிலையிருந்து. ஓம், அவன்ரை கூட்டாளி எண்டே வைச்சுக்கொள்ளும். ஊரிலை நடந்ததை உமக்கு நான் சொல்லவந்தால் அது விசர்க்கதை. எண்டாலும் இஞ்சை எங்களுக்கு என்ன கதை வந்தது, நாங்கள் எதை நம்பினனாங்கள், அதை அப்பிடியே சொல்லுறன். அது தெரியாமல் நீர் அவனுக்கு முன்னாலை போகக்கூடாது.

அவன் எண்பத்தைஞ்சிலை வந்தவன். ஊரிலை கொடிகாமம் தம்பித்துரையரின்ரை லொறி ஓடினவன். தம்பித்துரையர் தேங்காயும் மாங்காயும் கொழும்புக்கு ஏத்துற முதலாளி. மனிசி இல்லை. ஒரேயொரு மகன், சந்திரன். அந்தப் பெடியனை வெளிநாட்டுக்கு அனுப்பவெண்டு ஒரு லொறியை வித்து ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டினவர். பயணத்துக்குக் கொஞ்ச நாளுக்கு முன்னாலை பெடியனை ஆமி றோட்டிலை பிடிச்சுக்கொண்டு போட்டுது. அண்டைக்குப் பிடிச்ச எல்லாரையும் சுட்டுப்போட்டாங்கள் எண்டு கதை வந்திட்டுது. கிழவன் காம்ப் காம்பாய் அலைஞ்சு களைச்சு, கடைசியிலை வெறும் படத்தை வைச்சு அந்தியேட்டிக் கிரியையும் செய்துபோட்டார்.

ஏஜென்சிக்காரன் கட்டின காசு திரும்பாது, வேணுமெண்டால் வேறை ஆளை அனுப்பு எண்டிட்டான். கிழவன் வரதனைக் கூப்பிட்டு, சும்மா கிடக்கிற இடம், நீ போ மோனை, உழைச்சு ஆறுதலாய்த் தா எண்டிருக்கிறார். சந்திரனுக்கெண்டு வாங்கின கோட்டு, சப்பாத்து, சூட்கேஸ் எல்லாத்தோடையும்தான் இவன் பிளேன் ஏறினவன். சப்பாத்து இவனுக்கு அளவெடுத்து வாங்கினமாதிரிக் காலுக்குப் பொருந்தினதாம். கொஞ்சம் கடிச்சிருந்தாலும் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும் சண்முகண்ணை எண்டு எத்தினைதரம் சொல்லியிருப்பான்.

நீர் நினைப்பீர், வந்தவன் விழுந்து விழுந்து உழைச்சுக் கடனைக் கட்டியிருப்பான் எண்டு. இல்லைத் தம்பி. உண்மையைச் சொல்லவேணும். முதல் ஒண்டரை வருசம் ஒரு சதமும் போகேல்லை. சம்பளம் எடுத்த கையோடை சீட்டாட இருந்திடுவான். தோத்தால் அங்கையே ஆரிட்டையும் கடன் மாறி ஆடுவான். மலிவு வைன் போத்தில் ஒண்டு கட்டிலுக்குக் கீழை எப்பவும் கிடக்கும். சிகரெட்டுக்கு நெருப்புப் பெட்டி தேவைப்படாது, ஒண்டிலையிருந்து ஒண்டு. குசினியிலை வேலை செய்யிறவன் சாப்பிடமாட்டான், பாரும். மிச்சப் பாணை ஓடியோடி வாயுக்குள்ளை தள்ளுவான். நான் பேசினால், ஆருக்காக உடம்பைப் பாக்கச் சொல்லுறியள் எண்டு சிரிப்பான். கிழவன்ரை கடனோடை இஞ்சத்தைக் கடனும் சேர்ந்து, சனம் இவனைக் கண்டால் மற்றப் பக்கத்தாலை போகத் தொடங்கிட்டுது.

ஒருநாள் குசினியிலை ரத்தமாய்ச் சத்தி எடுத்துப்போட்டான். ஆசுப்பத்திரியிலை வயித்துக்குள்ளை புண் எண்டாங்கள். குடியை விடு, புகையை விடு, நேரத்துக்குச் சாப்பிடு எண்டு டொக்டர் சொன்னதை நான்தான் எனக்குத் தெரிஞ்ச டொச் பாசையிலை விளங்கிச் சொன்னனான். ஓமோம் எண்டு தலையாட்டினான். வாசலுக்கு வந்து முதல் வேலையாய் என்னட்டைச் சிகரெட் கேட்டான்.

அவனைத் திருப்பினது டொக்டரில்லை. அதுக்குத்தான் வாறன்.

கிழவன் லொறியோடை வவுனியாவுக்கு வந்தவர், அங்கை ஒரு கடையிலையிருந்து போன் எடுத்தார். எங்கடை வீட்டுக்காரியின்ரை போன் நடையிலை இருக்கு, எல்லாருக்கும் அதுதான். வரதன் போக மாட்டன் எண்டான். காசு கேக்கப்போறார், நான் என்னத்தைச் சொல்ல எண்டு கட்டிலை விட்டு எழும்புறானில்லை. நான்தான் தள்ளிக்கொண்டுபோய் ரிசீவரைக் குடுத்துப்போட்டுப் பக்கத்திலை நிண்டனான்.

கிழவன் காசைப் பற்றி வாயே திறக்கேல்லை. ராசா, சாப்பிட்டியோ, குளிர் எப்பிடி, நல்லாய் மெலிஞ்சு போனியாமே, ஆரோ வந்து சொன்னாங்கள் எண்டு கேட்டிருக்கிறார். இவன், ஓம் முதலாளி, இல்லை முதலாளி எண்டுகொண்டு நிக்கிறான். லைன் இரையுது. கிழவனுக்குக் காதும் மந்தம். திடீரெண்டு அவர் சொன்னாராம், சந்திரன், உடம்பைப் பார் அப்பு, எனக்கு நீ சுகமாய் இருந்தால் காணும் எண்டு.

வாய் தவறித்தான். தான் என்ன பேர் சொன்னனெண்டு அந்த மனிசனுக்கே தெரியாது போலை.

வரதன் என்ன சொன்னான் தெரியுமோ? ஓம் ஐயா எண்டான். முதலாளி எண்டு சொல்லேல்லை. ஐயா எண்டான். பிறகு லைன் அறுந்து போச்சுது. அவன் ரிசீவரைக் காதிலை வைச்சபடியே நிண்டான். நான் பறிச்சுத்தான் வைச்சனான்.

அடுத்தநாள் காலமை எழும்பி முகம் கழுவி, ஓட்ஸ் கஞ்சி காய்ச்சி, கதிரையிலை இருந்து, ஆறுதலாய்க் குடிச்சான். நான் கட்டிலிலை கிடந்து பாத்துக்கொண்டிருக்கிறன். ஒரு வருத்தக்காரப் பிள்ளைக்குத் தாய் பருக்குறமாதிரி ஒவ்வொரு கரண்டியாய் ஊதி ஊதி. என்னடா புதினம் எண்டு கேட்டன். அவரிட்டை ஓம் எண்டு சொல்லிப்போட்டன் அண்ணை எண்டான். பேந்து சொன்னான், இந்த உடம்பு என்ரையில்லை, இது சந்திரன்ரை ரிக்கற்றிலை வந்தது, நான் பழுதாக்கக்கூடாது எண்டு.

லேசாய் நடக்கேல்லைத் தம்பி. வைனை விட்டான், சிகரெட்டை விட ஏலேல்லை. விட்டான், தொட்டான், விட்டான். பல்லைக் கடிச்சுக்கொண்டு கரட்டைச் சப்புவான். வேலைக்கு பஸ்ஸை விட்டிட்டு நடக்கத் தொடங்கினான். பஸ் காசு மிச்சம், மூச்சும் கொஞ்சம் கொஞ்சமாய் வந்தது. குசினியிலை வேலை மும்முரத்துக்கு நடுவிலை சாப்பாட்டுக் கோப்பையோடை கதிரையிலை இருந்திடுவான். ஷெஃப் கத்துவான். இவன் வயித்தைத் தொட்டுக் காட்டி, மாகன் கபுட், மாகன் கபுட், வயிறு பழுது எண்டுபோட்டுச் சாப்பிட்டு முடிப்பான். பிறகு அந்த ஷெஃப்பே இவனுக்கெண்டு காரமில்லாமல் கிழங்கு அவிச்சு வைக்கத் தொடங்கிட்டான்.

இஞ்சை கடன் மாறின காசை முதல்லை குடுத்து முடிச்சான். வட்டி ஏறுறது அதுதானே. பிறகு ஓர்லிகோனிலை கடை வைச்சிருக்கிற ஸ்ரீஸ்கந்தராஜா மூலமாய்க் கிழவனுக்கு மாதம் மாதம் அனுப்பத் தொடங்கினான். கொஞ்சம்தான், ஆனால் தவறாது.

நடுவிலை ஒருக்கா வழுக்கினவன். சம்பளம் எடுத்த அண்டு பழைய கூட்டம் கூப்பிட்டுது, இருந்திட்டான். எல்லாம் போச்சுது. வந்து சப்பாத்தையும் கழட்டாமல் கட்டிலிலை இருந்தான். பேசுவமெண்டு நான் வாயெடுக்க முன்னம் சொன்னான், அவன் ஒண்டும் சொல்லேல்லை அண்ணை, வாசல்லை நிண்டு பாத்துக்கொண்டு நிண்டவன் எண்டு. ஆரடா எண்டன். சந்திரன் எண்டான். சும்மா, பக்கத்து வீட்டுப் பெடியனைச் சொல்லுறமாதிரி.

குடிக்கேக்கை ஒருத்தன் இப்பிடிச் சொன்னால் வெறி எண்டு விடலாம். இவன் குடியை விட்டு அரை வருசம்.

அதுக்குப் பிறகு அவன் சீட்டைத் தொடேல்லை. காலமையிலை ஓடவும் தொடங்கினான். சந்திரன் பள்ளிக்கூடத்திலை ஓட்டக்காரனாம், லொறியிலை போகேக்கை கிழவன் ஓயாமல் சொல்லுவாராம். இவன் ஆறை எண்டுற ஆத்தின்ரை கரையாலை வாவி வரைக்கும் ஓடுவான். ஒருநாள் நானும் பின்னாலை போனனான், என்னதான் செய்யிறானெண்டு பாக்க. அங்கை ஆத்துக்குக் குறுக்கை கூரை போட்ட மரப்பாலம் ஒண்டு இருக்கு, ஒடுக்கம். அதிலை ஏறேக்கை அவன் ஒரு கரைக்கு ஒதுங்கி, மற்ற ஆள் முன்னாலை போக இடம் விடுறான். அங்கை ஒருத்தருமில்லை. விட்டிட்டுப் பின்னாலை ஓடுறான். ஓடியோடிக் கதைக்கிறான். நேற்று நல்லாய்ச் சாப்பிட்டனான், இந்த மாதம் இவ்வளவு அனுப்பிட்டன், ஐயாவுக்குக் கால் உளைவாம் எண்டு.

பைத்தியமோ எண்டு கேக்கிறீரோ? நானும் யோசிச்சனான். ஆனால் பைத்தியக்காரனுக்கு முகத்திலை ரத்தம் ஊறுமோ? வேலைக்குப் பிந்தாமல் போவானோ? டொச் வகுப்புக்குப் போவானோ? அவன் எங்கள் எல்லாரையும் விடத் திருத்தமாய் இருந்தவன். நான் இப்ப சிகரெட் பத்துறதில்லை. அது அவனாலைதான்.

பிறகு எண்பத்தேழு ஐப்பசி. அந்தச் சண்டையிலை கிழவன் வீட்டோடை... ஓம். உமக்குத் தெரியும். ஸ்ரீஸ்கந்தராஜாதான் போன் எடுத்துச் சொன்னவர். வரதன் கேட்டுப்போட்டு, தாங்ஸ் அண்ணை எண்டு வைச்சான். வெளியிலை போய் ஓடினான். மழை. அண்டைக்கு அவன் திரும்பி வரேக்கை அழுதவனோ நனைஞ்சவனோ எண்டு எனக்குத் தெரியாது. ஒரு மாதம் மச்சம் மாமிசம் தொடேல்லை. பெத்த பிள்ளை துக்கம் காக்கிறமாதிரி இருந்தான்.

கடன் அரைவாசிதான் முடிஞ்சது. இனி ஆருக்குக் கட்டுறது? போதுமடா, வாழத் தொடங்கு எண்டன். உனக்கெண்டு ஒரு கலியாணத்தைக் காட்சியைப் பார் எண்டன். அவன் பாங்கிலை வேறை எக்கவுண்ட் ஒண்டைத் திறந்து மாதம் மாதம் போடத் தொடங்கினான். ஏனடா எண்டால், இது நான் இருக்கிற இடத்துக்கு வாடகை அண்ணை எண்டுறான். கடன் முழுக்கச் சேர்ந்து இப்ப ஒரு வருசமாகுது. நிப்பாட்டேல்லை. எனக்கு அதுதான் பயம். கடன் குடுத்தவன் செத்தாலும் முடியாத கடனை இவன் எப்ப கட்டி முடிப்பான்? நுவாஷத்தெலிலை இருந்து நல்ல சம்பந்தம் வந்தது, செசீலியா எண்டு ஒரு பிள்ளை, கிறிஸ்தவ வேதக்காரர் எண்டாலும் தாய் தகப்பனுக்கு விருப்பம், அந்தப் பிள்ளைக்கும் விருப்பம். எனக்கெண்டு ஒரு சீவியம் இல்லையே அண்ணை எண்டு விட்டிட்டான்.

என்ன? காசோ? உமக்குக் காசு வேண்டாமெண்டு போனிலையே சொன்னனீர், தெரியும். படுக்க இடம் கிடைச்சால் காணும் எண்டனீர். அதுக்குத்தான் இவ்வளவு நேரம் கதைச்சனான். அவன் தருவான், வாங்கும். வேண்டாமெண்டு பெருந்தன்மை காட்டாதையும். எண்ணிப் பாத்து, சரி எண்டு சொல்லும். வாங்கினால்தான் அவன் கையைக் கழுவுவான். நீர் அந்தக் காம்பிலை பட்டதுக்கு இந்தக் காசு காணாது, எனக்குத் தெரியும். ஆனால் அது அவன் செய்த பிழையில்லைத் தம்பி.

அழாதையும். பக்கத்து மேசை பாக்குது.

நானும் முதல்தரம் நீர் போன் எடுத்துப் பேரைச் சொல்ல, ரிசீவரை வைச்சிட்டனான், கோவிக்காதையும். ஸ்ரீஸ்கந்தராஜாவிட்டை நம்பர் வாங்கினனான், சந்திரன் கதைக்கிறன் எண்டு நீர் சொன்னால் ஆர் நம்புவான்? நீர் திருப்பி எடுத்து, காம்பிலையிருந்து என்னை விட்டவங்கள், வீட்டை போனால் ஐயாவுமில்லை வீடுமில்லை எண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. உம்மை முன்னாலை வைச்சுக்கொண்டு பெடியன் செத்தான் செத்தான் எண்டு இவ்வளவு நேரம் சொல்ல எனக்கே ஒருமாதிரித்தான் கிடந்தது. வேறை எப்பிடிச் சொல்ல?

அவனுக்கு இன்னும் சொல்லேல்லை. ஊரிலையிருந்து ஒரு ஆள் வருது, சோறு கூடப் போடு எண்டு மட்டும் சொல்லியிருக்கிறன். அந்தா, எங்கடை பஸ். பையைத் தாரும், நான் தூக்கிறன். வீட்டை போனதும் நான் முதல்லை உள்ளுக்குப் போவன், கூப்பிட்ட பிறகு வாரும். உம்மைக் கண்டு அவன் பயப்பிடமாட்டான் சந்திரன், உம்மைக் காணுறது அவனுக்குப் பழக்கம்தான். நீர் வாய் திறந்து மறுமொழி சொல்லேக்கைதான் நான் அவனுக்குப் பக்கத்திலை நிக்கவேணும்.