எரிமலை வேந்தன் யாருக்கு

"ஹலோ, மாமா… ஆமா, நான்தான்… சிவப்புக் கோடு இன்னும் போகலையே, நீங்க அதை எடுக்கலையா?… க்ளாஸ்ல இருக்கீங்களா? சரி, வண்டிய ஓரங்கட்டச் சொல்லுங்க. ரெண்டு மணிக்கு லிஸ்ட்டைப் பூட்டிடுவாங்க. பதினாலு நிமிஷம்தான் இருக்கு."

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் அவள் பேசிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் அக்காளின் கணவர், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கைபேசியில் ஆடும் அட்டை விளையாட்டில் இருவரும் ஓர் அணி. ஆளுக்கு முப்பது அட்டை கொண்ட ஒரு கட்டு, அதாவது டெக். ஒரே அட்டை இருவர் கட்டிலும் இருந்தால் அணியே வெளியே. அதைத்தான் திரையின் மேலிருந்த சிவப்புக் கோடு சொல்லிக்கொண்டிருந்தது. பட்டியல் பூட்டும்வரை ஒருவருடைய அட்டைக் கட்டை மற்றவர் பார்க்க முடியாது. இன்று ஜெயித்தால் கடைசி எட்டு அணிகளில் ஓர் இடம். இரண்டு வருடமாக அவளுக்குக் கைக்கெட்டாத இடம்.

"எரிமலை வேந்தன் கார்டு எனக்குத்தான்னு போன வாரமே பேசினோம்ல?… ஆமா… ஆமா, உங்ககிட்டயும் இருக்கு, தெரியும். உங்களோடது மின்னுற ஸ்பெஷல் கார்டு, அதுவும் தெரியும். மின்னுதுன்னா ஃப்ரேம் போட்டு மாட்டுங்க மாமா, டெக்ல எதுக்கு?… சரி, மத்த கார்டெல்லாம் படிங்க. கேப்போம்."

கேட்டாள். கேட்கக் கேட்க அவள் உதட்டோரம் சிரிப்பு ஏறியது.

"ம்… எறக்கவே எட்டு சக்தி. அடுத்தது?… அதுவும் எட்டா?… மாமா, ஒரு நிமிஷம். முதல் டேர்ன்ல நமக்குக் கிடைக்கறதே ஒரு சக்தி. ஒவ்வொண்ணா ஏறி எட்டு வர்றவரைக்கும் என்ன பண்ணுவீங்க? ஹாரன் அடிச்சுக்கிட்டு இருப்பீங்களா?… கிண்டல் பண்ணல, சந்தேகம் கேக்கறேன்… மருத்துவச்சி கார்டு எத்தனை?… மூணா? சரிதான். அடி வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க, மருந்தும் வேணும்ல… யாரு சிரிக்கறா? கத்துக்க வந்த பொண்ணா? பாருங்க, க்ளட்ச் எதுன்னு தெரியாத பொண்ணுக்கே புரியுது."

சட்டென்று அவள் சிரிப்பு நின்றது.

"… என்ன பதினொண்ணு?… எந்த ரெக்கார்டு?… இப்ப எதுக்கு அதெல்லாம்?… சரி, சொல்லுங்க, சொல்லித் தொலைங்க… ஆமா, கடைசிப் பதினோரு ஆட்டத்துல ஏழு தடவை வேந்தன் என் கைக்கு வந்தான்… ஆமா, எறக்கினது ஒரு தடவை… ஆமா, அதுவும் தோத்த ஆட்டம்தான்… அவனை எறக்க ஒன்பது சக்தி வேணும், அது சேர்றதுக்குள்ள முடிச்சுட்டாங்க, நான் என்ன பண்றது?… அந்தப் பொண்ணு எதுக்கு மறுபடியும் சிரிக்குது? ரோட்டைப் பாக்கச் சொல்லுங்க… நிறுத்தித்தான் இருக்கா? அப்ப கண்ணாடியைப் பாக்கச் சொல்லுங்க."

அவர் சொன்னதில் ஓர் எண்கூடப் பொய்யில்லை. எரிச்சலே அதுதான். அவர் கட்டைக் கனமான கட்டு என்று கேலி செய்த வாய், தன் அட்டைக் கட்டிலேயே பெரிய பாரத்தைச் சுமந்துகொண்டிருந்தது. வேந்தனை வெளியே தள்ளினாள். அந்த இடத்தில் மூன்றே சக்தியில் வேலைக்கு இறங்கும் ஒரு வில்லாளியை வைத்தாள். நிமிர்ந்து பார்த்தபோது சிவப்புக் கோடு இல்லை. விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. சொன்னால் சாயங்காலத்துக்குள் அக்காவுக்குப் போகும். அக்கா வழியாக அம்மாவுக்குப் போகும்.

"… ஆமா, கோடு போயிடுச்சு, நானும் பாத்தேன்… அதான் போயிடுச்சுல்ல, அப்புறம் என்ன பேச்சு?… சரி சரி… நீங்களும் எதுவும் சொல்ல வேணாம், நானும் சொல்லல… உறுதி பண்ணிட்டீங்களா?… நானும் பண்ணிட்டேன். நல்லாத்தானே போச்சு, இதுக்கு ஏன் இவ்வளவு நேரம்?… வைக்காதீங்க, இருங்க. லிஸ்ட் தெறக்கட்டும்."

மணி இரண்டு. பட்டியல்கள் பூட்டின. அவருடையது அவள் திரையில் விரிந்தது. மேலிருந்து கீழே போனாள். மறுபடி கீழிருந்து மேலே வந்தாள்.

"மாமா… உங்க லிஸ்ட்ல வேந்தன் எங்க?… எடுத்துட்டீங்களா? எப்ப?… நான் ஹாரன்னு சொன்னப்பவே ரோஷம் வந்துடுச்சா?… இல்ல, என்கிட்டயும் இல்ல… நல்லாத் தேடுங்க, கிடைக்காது… ஆமா, நானும்தான் எடுத்தேன்… நான் எதுக்குச் சொல்லணும்? நீங்க மட்டும் சொன்னீங்களா?… கோடு போனது என்னாலதான்னு நெனச்சேன்… ஓஹோ, உங்களாலன்னு நீங்க நெனச்சீங்களா… மாத்த முடியாது மாமா. எத்தனை தடவை அமுக்கினாலும் முடியாது, பூட்டியாச்சு… இருங்க, எதிர் டீமோட லிஸ்ட்டும் வந்துடுச்சு… பாக்கறேன்… ம்… இருக்கான். வேந்தன்தான்… இல்ல, ரெண்டு பேர்கிட்டயும் இல்ல, ஒருத்தர்கிட்டதான்… அவங்க பேசி முடிவு பண்ணியிருப்பாங்க போலிருக்கு மாமா… ஹலோ?… ஹலோ?"

அவர் இணைப்பைத் துண்டித்திருந்தார்.