பலகையில் ஒரு காலிக் கட்டம்

பேருந்து எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்க எனக்குக் கூச்சம். எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது.

என் பெயர் வெங்கடேசன். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. ஒரு பாகத்தைக் கழித்தால் அதில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காரணம் இல்லாத ஸ்டிக்கரை மேற்பார்வையாளர் ஏற்க மாட்டார். ஆறு வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

காலையில் கம்பெனி வண்டி சில நாள் முந்தி வந்துவிடும், சில நாள் வரவே வராது. அதற்காக ஒரு செயலி செய்தேன். வண்டிக்குள் இருப்பவரின் போன் இடத்தைச் சொல்லும். நிறுத்தத்தில் நிற்பவர் பார்த்துக்கொள்வார். இரண்டு வருடத்தில் ஆறாயிரம் பேர் அதை வைத்திருந்தார்கள். பலர் காலையில் கண் விழித்ததும் முதலில் பார்த்தது அதைத்தான் என்று சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

செயலி செய்தால் போதாது. அதைக் கடையில் வைக்க வேண்டும். உங்கள் போனிலும் அந்தக் கடை இருக்கிறது. கடை என்கிறோமே தவிர, உள்ளே ஆள் இருப்பதை நான் பார்த்ததில்லை. என்னைப் போல் தனியாக வருகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. பன்னிரண்டு பேர், பதினான்கு நாள், விடாமல் அந்தச் செயலியைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கதவு திறக்கும். பன்னிரண்டு பேருக்கு எங்கே போவது. அதனால் செங்கல்பட்டுப் பக்கம் இருக்கும் நாங்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து ஒரு வாட்சப் குழு வைத்திருந்தோம். உன் செயலிக்கு நான், என் செயலிக்கு நீ. மொய் மாதிரி.

ரூத் அப்படித்தான் பழக்கம். திருவிடந்தையில் வீடு. முதல் நாளே போன் செய்தாள்.

"உன் ஆப்ல பஸ்ஸு கடல்ல போவுது."

"எங்க?"

"மாமல்லபுரத்துக்கு நேரா. இன்னும் கொஞ்சம் வுட்டா அந்தமான் போயிடும். கம்பெனில தெரியுமா?"

அவள் செய்த செயலி அவளுடைய தம்பி ஜோயலுக்காக. ஜோயலுக்கு இருபத்துநான்கு வயது. பிறந்தபோதே ஏற்பட்ட பாதிப்பு. நாக்கும் கழுத்தும் அவன் சொல்வதைக் கேட்பதில்லை. வலது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் கேட்கும். சக்கர நாற்காலியில் ஒரு டேப்லெட் மாட்டியிருக்கும். அதில் கட்டம் கட்டமாகப் படங்கள். படத்தைத் தொட்டால் அது பேசும். இந்த மாதிரிச் செயலிகள் முன்பே உண்டு. ஆனால் அவற்றில் செய்தி வாசிக்கும் குரல் "எனக்குத் தாகமாக இருக்கிறது" என்று சொல்லும். அதைக் கேட்டு ஜோயல் சிரித்துச் சிரித்துப் புரையேறினானாம். ரூத் தன் குரலிலேயே பதிவு செய்தாள். "தண்ணி வோணும்." "ஒண்ணும் வோணாம் போ." "தல நோவுது." மூவாயிரம் வீடுகளில் அவள் குரலில் பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஜோயலின் பலகையில் என் படமும் இருந்தது. நான் உள்ளே நுழைந்ததும் இரண்டு கட்டங்களைத் தொடுவான். "வெங்கட்டு." "டீ காலி." அவர்கள் அம்மா அன்பரசி அடுப்பைப் பற்றவைப்பார்.

போன வருடம் பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஏற்கெனவே நீக்கப்பட்ட ஏதோ ஒரு கணக்கோடு உங்கள் கணக்குக்குத் தொடர்பு இருக்கிறது, ஆகவே உங்கள் கணக்கும் நீக்கப்படுகிறது. எந்தக் கணக்கு என்று இல்லை. என்ன தொடர்பு என்று இல்லை. மேல்முறையீட்டுப் படிவத்தில் ஆயிரம் எழுத்துக்கு மேல் எழுத முடியாது. எழுதினேன். உங்களுடையது பரிசீலனையில் இருக்கிறது என்று உடனே ஒரு வரி வந்தது. நாற்பது நிமிடத்தில் பதிலும் வந்தது. முடிவில் மாற்றம் இல்லை, இனி இது குறித்துப் பதில் தரப்படாது.

அன்று தொழிற்சாலையில் முப்பத்தொரு பாகங்களைக் கழித்தேன். முப்பத்தொன்றுக்கும் காரணம் எழுதினேன்.

யாரிடமிருந்து அந்தத் தொடர்பு எனக்கு வந்தது என்று ஒரு மாதம் யோசித்தேன். பழைய லேப்டாப்பை விற்றவரா, முன்பு அறையில் கூட இருந்தவரா, குழுவில் ஒருவரா. தெரியவில்லை. ஒன்று மட்டும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். நீக்கப்பட்டவன் தொட்ட கணக்கும் நீக்கப்படும். அவன் லேப்டாப்பிலிருந்து ஒரு முறை உள்ளே போனால் போதும். குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

ரூத் அப்படிச் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வரச் சொன்னாள். ஆனால் வாசலிலேயே ஒன்று சொன்னாள்.

"கோச்சிக்காத வெங்கட்டு. எங்க வூட்டு வைஃபை மட்டும் போட்டுக்காத. உன் டேட்டாலயே இரு. இன்னா?"

"சரி."

"உன் மேல இல்ல. அவுனுங்க மேல தான் பயம்."

எங்கள் தாத்தா காலத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு தனி டம்ளர் கவிழ்த்து வைத்திருக்குமாம். நாற்று நட வருகிற ரூத்தின் தாத்தா போன்றவர்களுக்கு. நான் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதுதான். ரூத் வீட்டில் எனக்கு டீ அவர்கள் குடிக்கும் டம்ளரில்தான் வந்தது. வைஃபை மட்டும்தான் தனி. இதற்கும் நான் செய்ததற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எழுதும்போது நினைவுக்கு வந்தது, எழுதினேன்.

என் யோசனை எளிமையானது. என் செயலி போனதற்கு யாரும் அழவில்லை. வண்டி எங்கே என்று மறுபடியும் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் பேச முடியாத பிள்ளைகளின் பேச்சைக் கடை பிடுங்கிக்கொண்டால் நாடு சும்மா இருக்காது. பெற்றோர் கேட்பார்கள், பத்திரிகைகள் கேட்கும். எங்கோ ஒரு மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் கணக்கைத் திறந்து பார்ப்பார். பார்த்தால் அதில் என் பெயர் இருக்கும். இந்த ஆளும் தவறு செய்யவில்லையே என்று அவருக்குத் தெரியும். அவளுக்காகத் திறக்கும் கதவில் நானும் நுழைந்துகொள்வேன். அவளுக்கு ஒரு வாரம் கஷ்டம், அதிகம் போனால் பத்து நாள் என்று கணக்குப் போட்டேன்.

குருத்தோலை ஞாயிறு அன்று ரூத்தும் அவள் அம்மாவும் சர்ச்சுக்குக் கிளம்பினார்கள். பவனி வெயிலில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போக முடியாது. நான் ஜோயலோடு இருக்கிறேன் என்றேன்.

"பாத்துக்கோடா, வாய்க்கு ருசியா எதுனா கேப்பான், குடுத்துறாத," என்றார் அன்பரசி.

அவர்கள் தெருமுனையைத் தாண்டியதும் என் லேப்டாப்பைத் திறந்து ரூத்தின் கணக்குக்குள் போனேன். கடவுச்சொல் ஜோயலின் பிறந்தநாள். அவள் தட்டும்போது பலமுறை பார்த்திருக்கிறேன். உள்ளே வருவது நீங்கள்தானா என்று கடை ஒரு கேள்வி கேட்கும். அந்தக் கேள்வி ஜோயலின் டேப்லெட்டில் வந்தது. அதுவும் அதே கணக்கில்தான் இருந்தது. ஜோயலுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். அவன் அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் பலகையைத் தொட்டான்.

"அக்கா." "சர்ச்சு."

நான் மறுபடியும் முயன்றேன். கேள்வி மறுபடியும் வந்தது. "ஆம்" அழுத்தப்பட்டது. உள்ளே போனேன். எதையும் மாற்றவில்லை. ஒரு நிமிடம் இருந்துவிட்டு வெளியே வந்தேன்.

திரும்பி வந்த ரூத் ஓலையில் மடித்த இரண்டு சிலுவைகள் வைத்திருந்தாள். ஒன்றை ஜோயலின் நாற்காலியில் செருகினாள். ஒன்றை என் சட்டைப் பையில் வைத்தாள்.

ஒன்பதாம் நாள் அவள் கணக்கு போனது. எனக்கு வந்த அதே கடிதம், காற்புள்ளி உட்பட.

"எப்டி வெங்கட்டு? உன்ன வைஃபைல கூட வுடலியே," என்றாள். பிறகு அவளே சொன்னாள். "டெஸ்டிங் பண்ணப்போ உன் லிஸ்ட்ல நான் இருந்தேன்ல, அதப் புடிச்சிட்டானுங்க போல. வுடு, நீ இன்னா பண்ணுவ."

மேல்முறையீட்டை எழுத நான்தான் உதவினேன். அவள் எழுதியது மூவாயிரம் எழுத்து இருந்தது. ஆயிரமாக வெட்டிக் கொடுத்தேன். அதில் என் பெயரைச் சேர்த்து, இந்த நாளில், இந்த லேப்டாப்பிலிருந்து, அவளுக்குத் தெரியாமல் நுழைந்தவன் நான் என்று எழுத இடம் இருந்தது. எண்ணிப் பார்த்தேன், நூற்று இருபது எழுத்து போதும். எழுதவில்லை. எழுதினால் அவள் கதவு மட்டும் திறந்துவிடலாம்.

முப்பத்தைந்து நிமிடத்தில் பதில் வந்தது. முடிவில் மாற்றம் இல்லை.

நான் நினைத்த மனிதர் நாற்காலியை இழுத்துப் போடவில்லை. ஒரு வாரம் பெற்றோர்கள் ரூத்துக்குப் போன் செய்தார்கள். ஒருவர் வீடியோ போட்டார். நானூறு பேர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொரு வீட்டிலும் போனில் ஓர் எச்சரிக்கை வந்தது. இந்தச் செயலி தீங்கு செய்யலாம், நீக்கவும். பிள்ளைகளுக்குத் தீங்கு என்றால் யார் வைத்திருப்பார்கள். மூவாயிரம் வீடுகளும் அப்படி ஒவ்வொன்றாக அடங்கின.

ஜோயலின் டேப்லெட்டில் மட்டும் அது இருந்தது. அவன் அதில் தினமும் மூன்று கட்டங்களைத் தொட்டான்.

"வெங்கட்டு." "வெரல்." "பொய்."

முதலில் அன்பரசி சிரித்தார். "உன்னத்தான் தேடிக்கினு கீறான், வந்து குந்து." ரூத் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"இன்னாத்த சொல்றான் இவன்? வெரல்ல எதுனா அடி பட்டுச்சா?"

நான் அவன் விரலை எடுத்துப் பார்த்தேன். "ஒண்ணும் இல்லியே," என்றேன்.

அந்த வாரம் டேப்லெட்டிலும் எச்சரிக்கை வந்தது. ரூத் துணி காயப்போடப் பின்பக்கம் போயிருந்தாள். நான் "நீக்கு" என்பதை அழுத்திப் பிடித்தேன். நான்கு வருடத்துப் பலகை, அறுநூறு படங்கள், போய்விட்டன. ஒருவன் பேசுவது வேறு யார் கணினியிலும் இருக்கக் கூடாது என்று ரூத் அதற்கு வெளியே நகல் வைக்கவில்லை. நல்ல கொள்கைதான்.

"தானா போயிடுச்சு. கடைக்காரனுங்கதான் எடுத்துட்டானுங்க," என்றேன். அவள் நம்பினாள். நம்பாமல் இருக்க என்ன இருக்கிறது. அவர்கள் செய்யக்கூடியதுதானே.

ரூத் தரையில் உட்கார்ந்து அழுதாள். ஜோயல் நாற்காலியிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது எந்தச் சொல்லும் இல்லை.

இப்போது ரூத் சென்னையில் வேலைக்குப் போகிறாள். விடியும்போது கிளம்பி இருட்டியபின் வருகிறாள். தன்னிடமிருந்த மூலப்பிரதியிலிருந்து, படமும் குரலும் இல்லாத வெறும் செயலியை அவள் டேப்லெட்டில் ஏற்றித் தந்தாள். படங்களைச் சேர்க்க அவளுக்கு நேரமில்லை. நான் செய்கிறேன் என்றேன். என் ஷிப்டு முடிந்ததும் தினமும் போகிறேன். எந்தெந்தச் சொல் வேண்டும் என்று நான் பட்டியல் போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அதைத் தன் குரலில் வாசித்துத் தந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள். தண்ணி, டீ, காலி, அக்கா, சர்ச்சு, தலை, கை. வாசித்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

"கெட்ட வார்த்த ஒண்ணு கூட வெக்கலியா? அவனுக்குப் புடிக்குமே."

"அடுத்த அப்டேட்ல பாத்துக்கலாம்."

விரல் பட்டியலில் இல்லை, கை இருக்கிறது. பொய் இல்லை. என் படம் இருக்கிறது.

இதுவரை ஒன்றை மட்டும் சரியாக எழுதவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை "ஆம்" அழுத்தப்பட்டது என்று எழுதியிருந்தேன். அழுத்தியது ஜோயலின் விரல். அவனுடைய விரல் நடுங்கும் என்பதால், மெதுவாக, விடாமல் அழுத்தினால் மட்டும் கேட்கும்படி ரூத் அந்தத் திரையை அமைத்திருந்தாள். என் விரலுக்கு அது இரண்டு முறை கேட்கவில்லை. எனக்கு அவசரம். அவன் மணிக்கட்டைப் பிடித்து, விரலை நீட்டி, "ஆம்" மேல் வைத்து, மூன்று எண்ணும் வரை அழுத்திப் பிடித்தேன். அவன் இழுத்தான். அவனுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அவன் உடம்பில் அவன் சொன்னதைக் கேட்ட ஒரே உறுப்பு அதுதான் என்பது எனக்கு அப்போதும் தெரியும்.

புதிய பலகையில் கீழே வலது மூலையில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. நான் போகும்போதெல்லாம் ஜோயல் விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறான். எடுப்பதில்லை.

"இன்னாடா கேக்குறான் இவன்?" என்கிறார் அன்பரசி.

"புது வார்த்த கேக்குறான்மா."

"வெச்சித்தான் குடேன்."

அவர் டீ போடப் போனதும் நான் குனிந்து அவன் காதருகில் சொல்கிறேன். "பாத்துக்கினு கீறேன் ஜோயலு. உன்னுது பரிசீலனைல கீது."

எனக்குக் கடையின் பதில் கூட நாற்பது நிமிடத்தில், முகம் தெரியாத யாரிடமிருந்தோ வந்தது. நான் அவர்களைப் போல இல்லை. தினமும் நேரில் போய், அவன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.