கடன்காரியான சந்தோஷம்

ஹட்டனிலிருந்து நோர்வூட் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒரே தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. இளையவள் உட்கார்ந்ததுமே சொன்னாள்:

“அக்கா, நானும் கடன்காரி ஆயிட்டேன்!”

“அதுக்கா இப்படிச் சிரிக்கிற?”

“பின்ன? நீங்க குடியிருக்குற லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், அடமானம் வைக்க ஒங்ககிட்ட என்ன இருக்குன்னு பேங்குல திருப்பி அனுப்பினாங்களே. இப்ப வீடு கட்டக் குடுத்த காணிக்கு உறுதிப் பத்திரம் என் பேருல வந்திருச்சு. அதப் பாத்துட்டு வீட்டுக்கடன் தர்றோம்னுட்டாங்க.”

“மாசாமாசம் கட்டிருவியா, புள்ள?”

“அவரும் நானும் வேல செய்றோம்ல. கட்டிருவோம்க்கா.”

“மொதல்ல என்ன கட்டப் போற?”

“மகளுக்கு ஒரு காம்பரா, கதவோட. இப்ப இருக்குற ஒத்த ரூம்புல அவ உடுப்பு மாத்துறப்பல்லாம் அவங்கப்பா எந்திரிச்சு வெளிய போயிருவாரு. மழையில கூட வாசல்லதான் நிப்பாரு. நேத்து விஷயத்தச் சொன்னதும், ‘அப்ப இனி நான் உள்ளயே இருக்கலாம்’னாரு.”

மூத்தவள் இளையவளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் டிக்கோயா தாண்டியும் விடவில்லை.