வெயிலைத் திருப்பி வைத்த வேதவல்லி அம்மையாருக்கு

தேனாம்பேட்டை வெண்தாள் பதிப்பகத்தின் கதைப் பிரிவில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியராக வீற்றிருந்து, இன்று பணி நிறைவு காணும் எங்கள் அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய அம்மையீர்!

சொல்லைத் தொட்டுச் சூடறிந்த சுடர்விரலே! வாக்கியத்தின் வாசலில் நின்று வந்தது யாரென வினவிய விழிப்பே! பெயரடைகளைப் பென்சில் முனையில் நிறுத்திவைத்த பெருந்தகையே! இம்மடலைத் தாங்கள் திருத்தியிருந்தால் இந்த மூன்று விளிகளில் இரண்டாவது காணாமல் போயிருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். இன்று ஒரு நாள் பொறுத்தருள்க.

தங்கள் மேசைக்கு ஒரு கதை வந்தால் அதன் கருத்தென்ன, முடிவென்ன என்று தாங்கள் கேட்டதில்லை. "இந்த அறையில மணி என்ன? வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து வர்றது?" என்பதே முதல் கேள்வி. பதில் தெரியாத எழுத்தாளர் திருதிருவென விழிப்பார். தெரிந்தவரோ பதில் சொல்லும்போதே தம் கதையை மனத்துக்குள் மறுபடி எழுதத் தொடங்கிவிடுவார். சோகம், ஏக்கம், விரக்தி என்று மனநிலையின் பெயரை அப்படியே எழுதி வைத்திருந்தால், அதைச் சுற்றி வட்டமிட்டு, 'இதை நாற்காலி சொல்லட்டும்' என்று ஓரத்தில் குறிப்பீர்கள். வீடு பூட்டியிருந்தது என்பதற்கும் வீடு சாத்தியிருந்தது என்பதற்கும் நடுவே, உள்ளே ஒருவர் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறார் என்று தாங்கள் சொன்ன நாள் முதல், எங்கள் வீட்டுக் கதவுகளையே நாங்கள் வேறு விதமாகப் பார்க்கிறோம். பக்க வடிவமைப்பாளர் அப்துல் கய்யூம் ஒருமுறை பொறுக்க மாட்டாமல், "அம்மா, கதையில மணி அஞ்சரை, கரெக்டு. என் வயித்துல மணி ரெண்டு. சாப்பிட விடுங்க" என்றதும், தாங்கள் சிரித்துக்கொண்டே தங்கள் டப்பாவிலிருந்து பாதிப் புளியோதரையை அவர் தட்டில் தள்ளியதும் இங்கே எல்லோருக்கும் மனப்பாடம்.

பாராட்டு மடலில் ஒரு பிழையைக் குறிப்பது முறையா என்று எங்களுக்குள் பேசிப் பார்த்தோம். அந்தப் பிழைக்குப் பிறகு தாங்கள் நடந்துகொண்ட விதத்தைவிடப் பெரிய பாராட்டு எங்களிடம் இல்லை என்பதால், குறிப்பதென்றே முடிவு செய்தோம்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் ஜானகி என்பவரின் முதல் நாவல் நம்மிடம் வந்தது. அடையாறில் நான்கு வீடுகளுக்குச் சமைத்துக் கொடுப்பவர். கோட்டூர்புரம் ஆற்றோரத்தில் பிறந்து வளர்ந்து, அங்கிருந்த வீடுகள் இடிக்கப்பட்டபோது நகரின் தெற்கு விளிம்பில் ஓர் அடுக்குமாடியின் எட்டாவது தளத்துக்கு அனுப்பப்பட்டவர். அந்த இடிப்புதான் நாவலின் கடைசி அத்தியாயம். அதைச் செம்மைப்படுத்தியபோது, அவர் எழுதியிருந்த உச்சிவெயிலை எடுத்துவிட்டு, தாங்கள் மழையைப் பெய்ய வைத்தீர்கள். துயரத்துக்கு இருண்ட வானம்தான் பொருந்தும் என்று நாங்களும் தலையாட்டினோம். ப்ரூஃப் பார்க்க வந்த ஜானகி, அந்த அத்தியாயத்தின் நான்கு பக்கத்தையும் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னாக்கா இது? அன்னிக்கு ஏது மய? வெயிலு பல்ல இளிச்சிக்கினு நின்னுச்சு. தொவைச்ச துணி கொடியில காஞ்சிக்கினு கீது. லாரி மேல ஏறினப்புறம் பாக்குறேன், எம் பொண்ணு யூனிஃபாரம் அங்கியே தொங்கிக்கினு இருக்குது. நீ மயன்னு போட்டா, வானமே எங்களுக்காவ அழுதுச்சுன்னு ஆயிடும். யாரும் அழலக்கா. எதிர்ல டீக்கடைல பஜ்ஜி போட்டுக்கினு இருந்தாங்க."

பிறகு கைப்பிரதியைக் கட்டிப் பையில் வைத்துக்கொண்டு, "எனக்கு புக்கும் வாணாம், இனிமே எயுதவும் மாட்டேன்" என்று படியிறங்கிப் போனார்.

தாங்கள் வாதாடவில்லை. மறுநாள் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனீர்கள். அவரை அழைத்துக்கொண்டு அந்த ஆற்றோரத்துக்கே வந்து, பகல் பன்னிரண்டு மணிக்குக் குடையை மடக்கி வைத்துவிட்டு அவரோடு நின்றீர்கள். கொடி எங்கே, லாரி எங்கே, டீக்கடை எங்கே என்று ஒவ்வொன்றாய்க் கேட்டீர்கள். அங்கேயே ஒரு சுற்றுச்சுவர் மேல் தாளை வைத்து, தாங்கள் பெய்வித்த மழையைத் தங்கள் கையாலேயே கோடிட்டு அடித்தீர்கள். அலுவலகம் திரும்பியதும், முகமெல்லாம் சிவந்திருக்க, எங்கள் எல்லோர் முன்னும் நின்றபடி, "தப்பு என்னோடது. மழை பெஞ்சாத்தான் அழலாம்னு நெனச்சுண்டிருந்திருக்கேன்" என்றீர்கள். ஒரு துறையில் கால் நூற்றாண்டு கடந்தவர், தமக்குக் கீழே வேலை செய்பவர்கள் முன் அப்படிச் சொல்வதை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

நாவல் வெயிலோடே வெளிவந்தது. படித்தவர்கள் அந்த யூனிஃபாரத்தைத்தான் திரும்பத் திரும்பப் பேசினார்கள். ஆனால் எழுத மாட்டேன் என்ற சொல்லை மட்டும் ஜானகி திரும்பப் பெறவில்லை. தாங்களும் கேட்கவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை அவருக்குப் போன் செய்து ஒன்றே ஒன்றுதான் விசாரிப்பீர்கள்: "ஜன்னல்ல இன்னிக்கு என்ன தெரியறது?" ஸ்பீக்கரில் வரும் பதிலுக்காக நாங்களும் வேலையை நிறுத்திக் காத்திருப்போம். "எட்டாவது மாடிக்கா. காக்கா கூட கீய தான் பறக்குது. அதும் முதுகு எப்பிடி இருக்கும்னு இங்க வந்துதான் தெரிஞ்சுக்கினேன்." அது ஒரு சனிக்கிழமையின் பதில். ஒரு கறவைமாட்டைத் தடவிக்கொடுப்பது போல, ஏழு ஆண்டுகள் அவசரமில்லாமல் அந்த மனத்தைத் தடவிக்கொடுத்தீர்கள்.

அம்மையீர்! தங்கள் கண்ணொளி குன்றாமல், முழங்கால் வலி அண்டாமல், மயிலாப்பூர் வீட்டில் தாங்கள் விரும்பும் நேரத்தில் விரும்பியதைப் படித்து, பிடிக்காததைப் பாதியில் மூடிவைக்கும் சுகத்தோடு நெடுங்காலம் வாழ வேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல்.

ஒரு செய்தியை மட்டும் தங்களிடம் ஒரு வாரமாக மறைத்து வைத்திருக்கிறோம். சென்ற திங்களன்று, தாங்கள் விடுப்பில் இருந்தபோது, ஜானகி அலுவலகத்துக்கு வந்தார். கையில் இருநூறு பக்கம். "அக்கா தவிர யாரும் இதப் படிக்கக் கூடாது. அது ரிட்டேர் ஆனா இன்னா, கண்ணு ரிட்டேர் ஆயிடுச்சா?" என்றார். பணி நிறைவு பெறுபவரிடம் கைப்பிரதி ஒப்படைப்பதில்லை என்ற விதியை, நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டு, இந்த ஒன்றுக்காக விலக்கு வாங்கியிருக்கிறோம். முதல் பக்கத்தைக்கூட நாங்கள் திறக்கவில்லை.

மேடைக்கு வர ஜானகி மறுத்துவிட்டார், கூச்சமாம். மூன்றாவது வரிசையின் ஓரத்தில், மகளோடு உட்கார்ந்திருக்கிறார். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, தாங்களே இறங்கிப் போய் அவர் கையிலிருக்கும் கைப்பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா. அதுவரை நாங்கள் கைதட்டாமல் காத்திருக்கிறோம்.

தங்கள் அன்பில் என்றும் கட்டுண்ட,
வெண்தாள் பதிப்பகப் பணியாளர்கள்,
தேனாம்பேட்டை, சென்னை.