பதினைந்தாம் தேதிப் பணம்

ஸ்வாவா: காலை உதறிட்டு வாடா. பூச்சியெல்லாம் உன்கூடவே உள்ள வருது.

ஐனார்: ஏரிக்கரை பூரா அதுதான். நடந்தா காலடியில மொறுமொறுங்குது... இந்தா, இதுல கையெழுத்துப் போடு.

ஸ்வாவா: வந்ததும் வராததுமா என்ன கையெழுத்து? உக்காரு. காபி ஊத்தறேன்.

ஐனார்: காபி அப்புறம். ரெண்டாவது பக்கத்துல கீழ உன் பேர் போட்டிருக்கு பாரு, ஸ்வாவா தோர்டார்சன்னு. அங்க.

ஸ்வாவா: கண்ணாடி எங்க வெச்சேன்... "என் தம்பியின் பங்குக் கணக்கை நிர்வகிக்கும் அதிகாரத்தை இன்றுடன் விட்டுக்கொடுக்கிறேன்"... அட. இது யார் எழுதிக் குடுத்தது?

ஐனார்: ஷேர் கம்பெனிக்கு போன் பண்ணேன். தபால்ல அனுப்பிட்டான்.

ஸ்வாவா: நீ போன் பண்ணியா? தலைவலி மாத்திரைக்குக்கூட என்னைத்தானே மருந்துக் கடைக்கு போன் பண்ணச் சொல்லுவே.

ஐனார்: பண்ணேன். அறுபத்தாறு வயசாச்சு எனக்கு. இன்னும் எத்தனை நாளைக்கு அக்கா கையைப் பாத்துட்டு நிக்கிறது?

ஸ்வாவா: ஒன்பது வருஷம் முன்ன, மீன்பிடி உரிமத்தை வித்துட்டு, லட்சத்து எண்பதாயிரம் டாலர் செக்கைக் கொண்டாந்து இதே மேசையில வெச்சு, "அக்கா எனக்கு மீனைத்தான் தெரியும், இதை நீ பாத்துக்க"ன்னு சொன்ன ஆள் யாரு?

ஐனார்: சொன்னேன். அப்ப எனக்குத் தெரியாது. இப்பத் தெரியும். போன வருஷம் பாதியை நானே எடுத்து நடத்தலையா? அது மாதிரி மீதிப் பாதி.

ஸ்வாவா: நடத்தினியாம். நல்லா ஓடிட்டிருந்த பேங்க் ஷேரையும் ரயில் ஷேரையும் வித்து, மொத்தத்தையும் ஒரே ஒரு ஆல்பர்ட்டா எண்ணெய்க் கம்பெனிக்காரன்கிட்ட கொட்டிட்டு வந்தே. அதுக்குப் பேர் நடத்தறதா?

ஐனார்: கொட்டினேன். மாசம் பொறந்தா பதினஞ்சாம் தேதி தொள்ளாயிரத்து எழுபத்தஞ்சு டாலர் வருது. உன் கையில இருக்கிற பாதி என்ன தருது? சொல்லு... வாயால சொல்லு.

ஸ்வாவா: முன்னூத்தி எழுபத்தஞ்சு.

ஐனார்: கேக்கலை.

ஸ்வாவா: கேக்கலைன்னா காதுக்கு மெஷின் வாங்கிப் போடு.

ஐனார்: முன்னூத்தி எழுபத்தஞ்சு. முப்பத்தேழு வருஷம் தபாலாபீஸ்ல ஸ்டாம்ப் கிழிச்ச கை... புத்தியும் ஸ்டாம்ப் சைசுலதான் இருக்கும்.

ஸ்வாவா: இருக்கட்டும். இந்தப் பாதி ஒன்பது வருஷம் முன்ன மாசம் இருநூத்தி அம்பதுதான் தந்துச்சு. நான் மேற்கொண்டு ஒரு டாலர்கூடப் போடலை. வருஷா வருஷம் ஒவ்வொரு கம்பெனிக்காரனும் தானா ஏத்திக் குடுத்து முன்னூத்தி எழுபத்தஞ்சாச்சு. உன் எண்ணெய்க்காரன் எப்பவாவது ஒரு சென்ட் ஏத்தியிருக்கானா?

ஐனார்: முதல்லயே அள்ளிக் குடுக்கிறவன் எதுக்கு ஏத்தணும்?

ஸ்வாவா: இங்க பாருடா, ஆயிரம் தடவை சொல்லிட்டேன். நூறு சம்பாதிச்சு அறுபது குடுக்கிறவன் நாளைக்கும் குடுப்பான். நூறு சம்பாதிச்சு நூத்தி முப்பது குடுக்கிறானே, அவன் எங்க இருந்து குடுக்கிறான்? கடன் வாங்கிக் குடுக்கிறான். இல்ல, வீட்டு ஜன்னலைக் கழட்டி வித்துக் குடுக்கிறான்.

ஐனார்: எப்படிக் குடுத்தா உனக்கென்ன? என் பாக்கெட்டுக்கு வந்தா சரி.

ஸ்வாவா: பதிமூணு பர்சன்ட்டுன்னு வாயைப் பொளந்தே. ஷேர் விலை பாதியா விழுந்தா பர்சன்ட் ரெட்டிப்பாத்தான் தெரியும். அது கொழுப்பு இல்லடா, வீக்கம்.

ஐனார்: ஆரம்பிச்சுட்டியா பாடத்தை. நீ பண்றது மட்டும் என்னவாம்? சுவத்துல ஒரு காலண்டர், அதுல மூணு கலர் பென்சில். பேங்க்காரன் குடுக்கிற மாசம் பச்சை, பைப்லைன்காரன் குடுக்கிற மாசம் நீலம்... சின்னப் பிள்ளை படம் வரையுற மாதிரி.

ஸ்வாவா: மூணு மாசத்துக்கு ஒருதரம் குடுக்கிறவனை மாத்தி மாத்தி அடுக்கினாத்தான் பன்னெண்டு மாசமும் ஏதாவது வரும். அதுக்குத்தான் கலர். உனக்கு எங்க புரியப் போகுது.

ஐனார்: நல்லாப் புரியுது. உன் சொந்த ஷேருக்கு போன் கம்பெனி டிவிடெண்ட் தர்றான், அதை எடுத்து அவனுக்கே போன் பில் கட்டறே. கரண்ட் கம்பெனி தர்றதை எடுத்துக் கரண்ட்டுக்குக் கட்டறே. அதே காசு போயிட்டு போயிட்டு வருது. இதுக்குப் பேர் வருமானமா?

ஸ்வாவா: குளிர்காலத்துல மைனஸ் முப்பதுல சூடா உக்காந்திருந்தேன்ல? அதுக்குப் பேர் வருமானம்தான். கேக் எடுத்துக்க.

ஐனார்: இது கடையில வாங்கினதா? நம்ம ஐஸ்லாந்துக் கேக்குன்னா ஏழு அடுக்கு இருக்கும், இதுல அஞ்சுதான் இருக்கு. கஞ்சத்தனம் கேக் வரைக்கும் வந்திருச்சு.

ஸ்வாவா: அஞ்சு அடுக்கு போதும் உன் வாய்க்கு.

ஐனார்: கஞ்சம்னு நான் மட்டுமா சொல்றேன்? ஊரே சொல்லுது. உங்க சர்ச்சு பாட்டுக் குழு மொத்தமும் மே மாசம் ஐஸ்லாந்து கிளம்பிப் போச்சு. ரெண்டு வருஷமா அதுக்குத்தான் டிவிடெண்ட்டைத் தனியா ஒதுக்கறேன்னு சொல்லிட்டிருந்தே. கடைசியில டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டு இந்த அடுப்பங்கரையில உக்காந்துட்டே.

ஸ்வாவா: முட்டி வலிச்சுது. சொன்னேன்ல.

ஐனார்: ஜூன்ல சர்ச்சுக் கூரைக்கு நிதி சேக்கிறோம்னு பத்து கிலோமீட்டர் நடந்தீங்களே. முதல்ல வந்து சேந்தது யாரோட முட்டி?

ஸ்வாவா: ...அது வேற முட்டி.

ஐனார்: எழுபத்தோரு வயசு. இனி எப்பப் போவே? தாத்தா பொறந்த ஊரை வாழ்நாள்ல ஒருதரம் பாக்கக்கூடக் காசை அவிழ்க்க மனசு வரலை. உன்கிட்ட என் காசைக் குடுத்து வெச்சேன் பாரு...

ஸ்வாவா: போதும் நிறுத்து... வால்டி எப்படி இருக்கான்?

ஐனார்: வால்டி எதுக்கு இப்ப?

ஸ்வாவா: அந்த எண்ணெய்க்காரனை உனக்குக் காட்டினவனே அவன்தானே. துறைமுகத்துல உக்காந்து ரெண்டு பேரும் ஒரே நாள்ல வாங்கினீங்க. அதான் கேக்கறேன்.

ஐனார்: இருக்கான். நல்லாத்தான் இருக்கான்.

ஸ்வாவா: காபிக் கடைப் பக்கமே காணோமாம்.

ஐனார்: வெயில்ல வெளிய வர்றதில்லை.

ஸ்வாவா: ரூனாவை மளிகைக் கடையில பாத்தேன். சாமான் வாங்க வரலை... கல்லாவுல நிக்கிறா. அறுபத்தெட்டு வயசுல வால்டி பொண்டாட்டி வேலைக்குப் போறா.

ஐனார்: வீட்டுல எத்தனை நேரம்தான் அவன் மூஞ்சியையே பாக்கிறது. பொழுது போகணும்ல.

ஸ்வாவா: ஓ. பொழுது போகத்தான்.

ஐனார்: பின்ன?

ஸ்வாவா: ஒண்ணுமில்லை... உனக்கு மட்டும் பதினஞ்சாம் தேதி தவறாம வருதா?

ஐனார்: வருது. கடிகாரம் மாதிரி வருது. அதான் சொல்றேன், மீதியையும் குடு, அவன்கிட்டயே போடறேன். மாசம் ரெண்டாயிரம் வரும். ராஜா மாதிரி இருப்பேன்.

ஸ்வாவா: மொத்தத்தையுமா?

ஐனார்: மொத்தத்தையும்.

ஸ்வாவா: அப்போ கையெழுத்துப் போட மாட்டேன். போய்ட்டு வா.

ஐனார்: அக்கா... உன்னோட காசு இல்லை அது.

ஸ்வாவா: உன்னோடதுதான். கணக்கும் உன்னோடதுதான். வேணும்னா நீயே நாளைக்கு வித்துக்கலாமே. என் கையெழுத்து எதுக்குடா?

ஐனார்: எதுக்கா... அதிகாரம் உன்கிட்ட இருக்கிற வரைக்கும் நான் எதை வித்தாலும் அடுத்த நாளே உனக்குக் கடுதாசி வந்துடும். நீ பூதக்கண்ணாடி வெச்சுட்டு உக்காந்து படிப்பே.

ஸ்வாவா: ஓஹோ. எனக்குத் தெரியக்கூடாது.

ஐனார்: தெரிஞ்சா நை நைன்னு பேசுவே.

ஸ்வாவா: இப்ப என்ன பேசாமலா இருக்கேன்?

ஐனார்: சரி... மொத்தம் வேண்டாம். கொஞ்சம் மட்டும் விக்கறேன். அதோட இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். மீதியை நீயே கலர் அடிச்சு வெச்சுக்க.

ஸ்வாவா: இதென்ன கூத்து. எண்ணெய் வாங்கப் போறேன்னு வந்தே, இப்ப விக்கறேன்றே.

ஐனார்: வித்தாத்தானே வாங்க முடியும்.

ஸ்வாவா: கொஞ்சம்னா எவ்வளவு?

ஐனார்: ஏதோ... ஒரு ஏழாயிரத்து எண்ணூறு.

ஸ்வாவா: ஏழாயிரத்து எண்ணூறு.

ஐனார்: ஆமா.

ஸ்வாவா: ஏழாயிரம் இல்ல. எட்டாயிரம் இல்ல. ஏழாயிரத்து எண்ணூறு.

ஐனார்: படகு மோட்டார் ஒண்ணு... வர்ற விலை அப்படி.

ஸ்வாவா: படகை வித்து ஒன்பது வருஷமாச்சு.

ஐனார்: வாடகைக்கு எடுத்து ஓட்டலாம்னு...

ஸ்வாவா: ஐனார். தொள்ளாயிரத்து எழுபத்தஞ்சை எட்டால பெருக்கினா எவ்வளவு?

ஐனார்: எனக்கு எங்க கணக்கு வருது.

ஸ்வாவா: வருது. சென்ட் பிசகாம வருது.

ஐனார்: கேக் ரொம்பக் காஞ்சு போயிருக்கு.

ஸ்வாவா: நிமிந்து பாரு. கேக்கைக் கிளறினது போதும்.

ஐனார்: நீயே சொல்லிடு. உனக்குத்தான் வாய் இருக்கே.

ஸ்வாவா: சொல்றேன். உன் எண்ணெய்க்காரன் அக்டோபர்லயே டிவிடெண்ட்டை நிறுத்திட்டான். பேப்பர்ல ஒரு மூலையில நாலு வரி போட்டிருந்தான். அன்னிக்கு ராத்திரி பூரா உக்காந்து யோசிச்சேன். பென்ஷனையும் நான் பாத்துக்கிற பாதி தர்ற முன்னூத்தி எழுபத்தஞ்சையும் வெச்சு நீ குளிர்காலத்தைத் தாண்ட மாட்டே. நவம்பர் பதினஞ்சு வந்துச்சு, என் சொந்த டிவிடெண்ட்ல இருந்து எடுத்து உன் பேங்க் கணக்குல போட்டுட்டேன். அப்புறம் டிசம்பர்... ஜூன் வரைக்கும் எட்டுத் தடவை.

ஐனார்: ஐஸ்லாந்துக்கு ஒதுக்கினது.

ஸ்வாவா: எதுக்கு ஒதுக்கினதா இருந்தா என்ன.

ஐனார்: ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

ஸ்வாவா: சொன்னா அதோட நிக்க மாட்டேன். "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு ஆரம்பிச்சு, சாகற வரைக்கும் நிறுத்த மாட்டேன். என் வாயை எனக்குத் தெரியும். அதான் வாயை மூடிட்டுக் காசைப் போட்டேன்... அது இருக்கட்டும். உனக்கு எப்பத் தெரியும்?

ஐனார்: காபி ஆறிப் போச்சு.

ஸ்வாவா: எப்பத் தெரியும்டா? எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேவா இங்க வந்து "தொள்ளாயிரத்து எழுபத்தஞ்சு, காது கேக்கலை, ஸ்டாம்ப் புத்தி"ன்னு அரை மணி நேரமா என்னை நக்கல் அடிச்சே?

ஐனார்: நவம்பர்லயே தெரியும். நிறுத்திட்டோம்னு எண்ணெய்க்காரன் போட்ட கடுதாசியை அடுப்புல போட்டுட்டு, அப்புறமும் காசு வந்திருக்கேன்னு பேங்க்ல கேட்டேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு உன் பேரைப் படிச்சுச் சொன்னா. இன்னிக்கு இதுல கையெழுத்து வாங்கிட்டா, உனக்குத் தெரியாம கொஞ்சம் வித்து, எட்டு மாசத்துதையும் உன் கணக்குல போட்டுடலாம்னு வந்தேன். நீயும் எதையும் சொல்ல வேண்டாம், நானும் எதையும் ஒத்துக்க வேண்டாம். உன்னை நக்கல் அடிச்சா கோவத்துல நீ கையெழுத்தைப் போட்டுடுவேன்னு நெனச்சேன்... எட்டு மாசம் உன் காசைத்தான் தின்னேன் அக்கா. அதெல்லாம் தொண்டையில சுலபமா இறங்கிருச்சு. நீ சொன்னதுதான் சரின்னு சொல்றதுக்குத்தான் வாய் வரலை. இப்பவும் வரலை.